பச்சைத் தாளின் கடைசி வரி

ஞானசிகாமணிக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்தெட்டு.

இருவரும் தாமிரபரணிக் கரையோரம் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். அவர் உயர்வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுத்தார். குரு அமுதவல்லி பாட்டு டீச்சர். செவ்வாயும் வெள்ளியும் கடைசி மணி அடித்த பிறகு, ஞானசிகாமணி இசை அறைக்குப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாட்டுக் கற்றுக்கொள்வார். மூன்று வருடங்களாக இது நடந்தது. அவர் குரல் சுருதியில் நிற்காது. அது அவருக்கே தெரியும். அமுதவல்லி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. "இன்னொரு தடவை சார்" என்பார். அவ்வளவுதான்.

ஆனால் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதில் தன்னைக் குறை சொல்ல ஆளில்லை என்று ஞானசிகாமணி நம்பியிருந்தார்.

ஒரே வகுப்பில் ஐம்பது பிள்ளைகள் இருந்தால் ஐம்பது பேரும் ஒரே வேகத்தில் படிக்க மாட்டார்கள். அதனால் அவர் ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று விதமாகப் பயிற்சித் தாள் தயாரித்தார். நன்றாகப் படிப்பவர்களுக்கு வெள்ளைத் தாள். அதில் பாடம் முழுசாக இருக்கும். நடுத்தரத்துக்கு மஞ்சள், கடினமான சொற்களுக்குப் பக்கத்திலேயே பொருள் எழுதியிருக்கும். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்குப் பச்சை. பாடத்தைச் சுருக்கி, எளிதாக்கி, படம் வரைந்து, கோடிட்ட இடம் விட்டிருப்பார். பயிற்சி வகுப்பு நடத்த வந்த அதிகாரி அந்தத் தாள்களை வாங்கிப் பார்த்துவிட்டு மற்ற ஆசிரியர்களிடம் காட்டினார். ஞானசிகாமணி அன்று சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது மெல்லப் பாடிக்கொண்டே போனார்.

"நிறத்துக்கு ஒரு அர்த்தமும் இல்ல. கைக்கு வந்ததைத் தர்றேன்" என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார். பிள்ளைகள் தலையாட்டினார்கள்.

அந்த வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு ஓர் ஆங்கிலக் கவிதை வந்தது. ஐந்து பத்தி. வெள்ளம் வந்த ஒரு மாலையில், அக்கரையில் சிக்கிக்கொண்டவர்களைக் கூட்டிவர ஓடக்காரன் ஒருவன் ஓடத்தை எடுக்கிறான். மனைவி துறையில் நிற்கிறாள். நான்காம் பத்தி வரைக்கும் ஓடம் அவள் கண்ணுக்குத் தெரிகிறது. ஐந்தாம் பத்தியில் இருட்டிவிடுகிறது. துறையில் தொங்கும் மணியை அவள் ஒரே ஒரு முறை அடிக்கிறாள். பதில் இல்லை. ஆறு மட்டும் பேசிக்கொண்டிருக்கிறது.

ஐந்தாம் பத்தியின் ஆங்கிலம் கரடுமுரடானது. ஞானசிகாமணி பச்சைத் தாளில் அதை எடுத்துவிட்டார். எடுத்த பிறகு கதை பாதியில் நின்றது. பிள்ளைகள் குழம்புவார்களே என்று, தன் கையால் எளிய ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி முடித்து வைத்தார்.

ஓடக்காரன் வீடு வந்து சேர்ந்தான்.

எழுதும்போது அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆண்டு விழா வந்தது. அமுதவல்லி அந்தக் கவிதைக்கு மெட்டுப் போட்டார். ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் மேடையில் பாட வேண்டும். உச்சரிப்பைத் திருத்த ஞானசிகாமணியை ஒத்திகைக்கு அழைத்தார். கரும்பலகையில் ஐந்து பத்தியும் எழுதியிருந்தது. அமுதவல்லி ஒவ்வொரு வரியாகத் தமிழில் பொருள் சொல்லிப் பாடிக் காட்டினார். பிள்ளைகள் திருப்பிப் பாடினார்கள்.

ஐந்தாம் பத்தியில் ஒரு குரல் நின்றது. நின்றபிறகுதான் அது எவ்வளவு நல்ல குரல் என்று தெரிந்தது.

பேச்சித்தாய் எழுந்து நின்றாள். வருடம் முழுக்கப் பச்சைத் தாள் வாங்கியவள். வகுப்பில் வாயே திறக்காத பெண்.

"சார், ஓடக்காரன் வந்துட்டான்னுல்ல போட்டிருந்தீங்க?"

ஞானசிகாமணிக்கு முதலில் புரியவில்லை.

"எங்க தாள்ல. வீட்டுக்கு வந்துட்டான்னு."

"ஆமாம்மா. அது... உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு அந்தப் பகுதியை விட்டுட்டேன்."

"எது சார் கஷ்டம்? இங்கிலீஷா, அவன் வராததா?"

பச்சைத் தாள் வாங்கிய பதினோரு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி பக்கத்துப் பையனிடம், "ஒனக்கும் வந்துட்டான்னுதான் இருந்துச்சா?" என்று கேட்டது ஞானசிகாமணியின் காதில் விழுந்தது. வெள்ளைத் தாள் பிள்ளைகள் குனிந்துகொண்டார்கள்.

"நான் எங்க அம்மாகிட்ட வந்துட்டான்னு சொல்லிட்டேன் சார்" என்றாள் பேச்சித்தாய்.

அவள் உட்கார்ந்தாள். அமுதவல்லி ஆர்மோனியத்தில் அடுத்த வரியைத் தொட்டார். ஞானசிகாமணி உச்சரிப்பு எதையும் திருத்தவில்லை. ஒத்திகை முடியும்வரை சுவரில் இருந்த ஓர் ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிள்ளைகள் போன பிறகு கேட்டார்.

"அவங்க அம்மாகிட்ட சொன்னா என்ன டீச்சர்? கதைதானே?"

"அவ அப்பா லாரி ஓட்டினவர். ரெண்டு மழைக்கு முன்னால, வடக்கே ஒரு பாலத்துல வெள்ளம் லாரியோட அடிச்சுட்டுப் போயிடுச்சு."

"எனக்குத் தெரியாதே."

அமுதவல்லி ஆர்மோனியத்தை மூடினார்.

அன்று அவர் சைக்கிளில் ஏறவில்லை. வீடு வரை தள்ளிக்கொண்டே நடந்தார். எதிரே வந்த பழைய மாணவன் ஒருவன் வணக்கம் சொன்னான். அவனுக்கு எந்த நிறத் தாள் கொடுத்தோம் என்று நினைவுபடுத்திப் பார்த்தார். பச்சை. வணக்கத்தை வாங்கிக்கொள்ளாமல் கடந்து போனார். பெட்டியில் இருந்த பழைய தாள்களை வீட்டில் எடுத்துப் பரப்பினார். இந்தக் கவிதை மட்டுமல்ல. ஒரு கதையில் சாவை எடுத்திருந்தார். ஒரு நாடகத்தில் துரோகத்தை எடுத்திருந்தார். எங்கெல்லாம் பாடம் கனத்ததோ அங்கெல்லாம் பச்சைத் தாள் மெலிந்திருந்தது. மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். பசியில்லை என்றார்.

மறுநாள் வகுப்புக்கு வெள்ளைத் தாள் மட்டும் ஐம்பது கொண்டுபோனார். எல்லோருக்கும் ஒரே தாள். கொடுக்கும்போது நெஞ்சு கொஞ்சம் லேசானது.

மணி அடித்தபோது பதினோரு தாள்கள் விடை எழுதாமலே திரும்பி வந்தன. எப்போதும் கோடிட்ட இடத்தில் ஏதாவது எழுதிவிடும் அந்தோணித்துரை, முதல் வரியில் இரண்டு சொற்களுக்கு அடியில் கோடு போட்டுவிட்டு, பிறகு அந்தக் கோட்டையும் அழித்திருந்தான். பேச்சித்தாயின் தாளில் பெயர்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை இசை அறைக்குப் போனார். பாட உட்காரவில்லை. வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க சார்."

"வர வெட்கமா இருக்கு டீச்சர்."

அமுதவல்லி எழுந்து வாசலுக்கு வந்தார்.

"மூணு விதமா கொடுத்தேன், பொய் சொன்னவன் ஆயிட்டேன். ஒரே விதமா கொடுத்தேன், கைவிட்டவன் ஆயிட்டேன். வாத்தியார் வேலைக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆச்சு. நான் என்னதான் செய்யணும்?"

"நாளைக்கு ஒத்திகைக்கு வாங்க. திருத்த வேண்டாம். பிள்ளைங்களோட உட்காருங்க."

மறுநாள் முன்வரிசையில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவே, அவர் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். அமுதவல்லி ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்துக்கொண்டு வந்தார். ஞானசிகாமணி எட்டிப் பார்த்தார். ஒருவன் அட்டையில் ஸ்வரங்கள் எழுதியிருந்தன. இன்னொருத்தி அட்டையில் ஆங்கில வரிகள் தமிழ் எழுத்தில் இருந்தன. அந்தோணித்துரையின் அட்டையில் எழுத்தே இல்லை. தாளத்துக்கு வட்டமும் புள்ளியும் மட்டும். பேச்சித்தாய்க்கு எல்லாவற்றிலும் கடினமானது வந்திருந்தது. ஐந்தாம் பத்தியை அவள் தனியாகப் பாட வேண்டும்.

ஞானசிகாமணிக்கு ஓர் அட்டையும் ஒரு கைமணியும் கிடைத்தன. அட்டையில் ஐந்து பத்திக்கும் இடம் இருந்தது. நான்கு பத்தியில் ஒன்றுமில்லை. ஐந்தாவதின் நடுவில் ஒரே ஒரு புள்ளி.

"எனக்கு ஒரு அடிதானா?"

"ஆமா சார்."

அவருக்குச் சுருக்கென்றது. மூன்று வருடம் கற்றவனுக்கு ஓர் அடி. பக்கத்தில் இருந்த பெண் அவர் அட்டையைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டாள். இந்தத் திரும்பலை அவர் எத்தனையோ முறை வகுப்பில் பார்த்திருக்கிறார். அது என்னவென்று இப்போதுதான் தெரிந்தது.

பாட்டு தொடங்கியது. ஞானசிகாமணி மனதுக்குள் எண்ண ஆரம்பித்தார். இந்த அடியையாவது சரியாக அடித்துவிட வேண்டும். இரண்டாம் பத்தியில் எண்ணிக்கை தவறியது. மறுபடி பிடித்தார். நான்காம் பத்தியில் முழுதாக விட்டுப்போனது. பேச்சித்தாய் எழுந்து ஐந்தாம் பத்தியைப் பாடினாள். மணி அடிக்க வேண்டிய இடம் வந்து, போயிற்று.

"சார், மணி" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். பின்வரிசையில் சிரிப்புக் கேட்டது.

அமுதவல்லி ஆர்மோனியத்தை நிறுத்தினார்.

"முதல்ல இருந்து."

ஐம்பது பிள்ளைகளும் பெருமூச்சு விட்டார்கள். ஞானசிகாமணி மணியை அவரிடம் நீட்டினார்.

"என்னை விட்டுட்டுப் பாடிடுங்க டீச்சர். எனக்காக எல்லாரும் எதுக்கு? ஒரு அடிதானே."

"அந்த ஒரு அடிக்கு வேற ஆள் இல்ல சார்."

மறுபடி முதலில் இருந்து பாடினார்கள். இந்தத் தடவை அவர் எண்ணவில்லை. எண்ணி என்ன ஆயிற்று என்று விட்டுவிட்டார். கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். ஓடம் துறையை விட்டது. வெள்ளம் ஏறியது. அந்தோணித்துரையின் கை தொடையில் விழுந்து விழுந்து எழுந்தது. அவன் கண்ணை மூடியிருந்தான். ஓடம் எங்கே போகிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நான்காம் பத்தி முடிந்தது. இருட்டியது. பேச்சித்தாய் எழுந்தாள்.

பாட்டில் அவள் துறைக்கு வந்தாள். மணிக்கு வந்தாள். ஞானசிகாமணியின் கை எழும்பவில்லை. அடித்துவிட்டால் பதில் வராது என்று அவருக்குத் தெரியும்.

பேச்சித்தாய் அடுத்த வரிக்குப் போகவில்லை. அந்த ஒரே ஸ்வரத்தில் நின்றாள். அவரைப் பார்த்துக்கொண்டே, மூச்சு இருக்கும்வரை நின்றாள்.

அவர் அடித்தார்.

மணி ஓயும்வரை யாரும் அசையவில்லை. பிறகு அவள் மீதியைப் பாடினாள்.

பிள்ளைகள் அட்டைகளை அடுக்கி வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். ஞானசிகாமணி வராந்தாவில் பேச்சித்தாயை நிறுத்தினார்.

"தப்புப் பண்ணிட்டேன்மா. அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது."

அவள் புத்தகப் பையின் வாரை இழுத்து விட்டாள்.

"அது பரவால்ல சார்."

"அம்மாகிட்ட மாத்திச் சொல்லிட்டியா?"

"இல்ல சார்."

"ஏம்மா?"

"அன்னைக்கு நான் கதை சொன்னப்ப அம்மா நல்லாச் சாப்பிட்டாங்க. அப்புறமும் ரெண்டு மூணு தடவை கேட்டாங்க. எப்படி வந்தான், நனைஞ்சிருந்தானா, பொண்டாட்டி என்ன சொன்னான்னு. நானே இட்டுக்கட்டிச் சொன்னேன். விழாவுக்கு வருவாங்க. நான் பாடுறதக் கேப்பாங்க. அர்த்தமும் கேப்பாங்க." படியில் ஒரு கால் வைத்தாள். "நான் சொல்ல மாட்டேன் சார். சொன்னது நான்தான். ஆனா எழுதினது நீங்க."

அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

ஞானசிகாமணி இசை அறைக்குத் திரும்பினார். அமுதவல்லி ஆர்மோனியத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணோட அம்மாவைப் பார்க்கப் போறேன் டீச்சர்."

"போங்க சார்."

"அவங்க பள்ளிக்கூடமே போகாதவங்களாம். இங்கிலீஷ்ல ஒரு எழுத்து தெரியாது. அதோட, புருஷனைத் தண்ணிக்குக் கொடுத்தவங்க." அவர் அமுதவல்லிக்கு எதிரே உட்கார்ந்தார். "அவங்ககிட்ட இந்தப் பாட்டை எப்படிச் சொல்றது? எதை விட்டுட்டுச் சொல்லலாம்?"

அமுதவல்லி துணியை மடித்து வைத்தார்.

"எதையும் விடாதீங்க சார். மெதுவாச் சொல்லுங்க."