பதில் சொல்லாத காவல்காரன்

காட்டுக் குளத்துப் பாறையில் சிலம்பன் என்ற ஆள்காட்டிக் குருவி காவல் இருந்தது. குளத்துக்குள் ஒரு பொல்லாத முதலை. அதனால் தண்ணீர் குடிக்க வரும் எந்த விலங்கும் கரையில் நின்று, "இறங்கலாமா?" என்று கேட்கும். சிலம்பன் சுற்றும்முற்றும் பார்த்து "இறங்கு!" என்றோ "நில்!" என்றோ சொல்லும். அந்தக் குரலை நம்பித்தான் அத்தனை உயிரும் தாகம் தீர்த்துக்கொண்டன.

ஒருமுறை மூன்று நாளாக முதலை கண்ணில் படவே இல்லை. பனிமூட்டம் வேறு.

"பாறையில் காலை ஊன்றித் தண்ணீரின் அதிர்வைக் கவனித்தால், முதலை பதுங்கிய இடம் தெரிந்துவிடும். என்ன, அரைநாள் பிடிக்கும்!" என்றது சிலம்பன்.

"அந்த வேலையை என்னிடம் விடு அண்ணே!" என்றது பாறையடி நண்டு. "வருகிறவர்களுக்கு நீ பதில் சொல்!"

"போடா! நானே செய்தால்தான் எனக்குத் திருப்தி!"

சிலம்பன் மூச்சை அடக்கி நின்றது. கண் திறந்திருந்தது, இமை அசையவில்லை.

கோதை என்ற சருகுமான் தன் குட்டியோடு வந்தது. "இறங்கலாமா?"

சிலம்பனுக்குக் காதில் விழத்தான் செய்தது. ஆனால் வாயைத் திறந்தால் அதுவரை கவனித்ததெல்லாம் பாழ். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கொஞ்சம் பொறுக்கட்டுமே என்று இருந்துவிட்டது.

"இறங்கலாமா அண்ணா? குட்டிக்கு நா வறள்கிறது! ஐயோ, இப்படி வெறித்துப் பார்க்கிறாயே, உயிர் இருக்கிறதா இல்லையா?"

கோதை மூன்றாம் முறையும் கேட்டது.

"இறங்கு..."

அது சிலம்பனின் குரலேதான்! ஆனால் அலகு அசையவே இல்லை. குரல் தண்ணீருக்குள்ளிருந்து வந்தது. பதுங்கிக் கிடந்த முதலை அந்தக் குரலைக் கற்றுக்கொண்டிருந்தது!

"நில்! நில்!" என்று சிலம்பன் அலறியது.

கால் நனைய நின்ற கோதை திகைத்துப்போனது. "இதில் எது அண்ணா உன் குரல்?"

"இறங்கு..." என்றது தண்ணீர்.

சளக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கரையில் குட்டி மட்டும் நின்றது.

அன்றிலிருந்து அதிர்வைக் கவனிப்பது நண்டின் வேலை. யார் கூப்பிட்டாலும் சிலம்பன் உடனே, "இருக்கிறேன், பொறு!" என்று குரல் கொடுக்கிறது. என்ன செய்து என்ன! அந்தக் குட்டி தள்ளியே நின்று, "பேசுவது நீதானா மாமா?" என்று கேட்கிறது.

"நான்தான்!" என்கிறது சிலம்பன்.

"நான்தான்..." என்கிறது தண்ணீர்.

நெடுநேர வேலையை வேறொருவர் கையில் கொடுத்தாவது, நம்மை நம்பிக் கூப்பிடுகிறவருக்கு உடனுக்குடன் ஒரு வார்த்தை பதில் சொல்லிவிட வேண்டும்.