பூரணவல்லியின் சொந்தக் கால்

“ஹும்ம்ம்!”

இரண்டு மல்லர்கள் சேர்ந்து முக்குகிற அந்தச் சத்தத்தைப் பூரணவல்லி வெகுகாலம் மறக்கவில்லை. யானைக்குட்டியைத் தூக்குகிறவன்கூட அப்படி முக்கமாட்டான். அவளோ கொத்தவரங்காய் மாதிரி ஒல்லி.

கீழைமங்கலத்து ராசசபையில் விடுகதைக்கும் சிலேடைக்கும் அவளை விட்டால் ஆள் இல்லை. சிறுவயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவளுடைய கால்கள் இரண்டும் துவண்டுபோயின. பாயை விட்டு எழவும் குளிக்கவும் சபைக்கு வரவும் துணை வேண்டும். அதற்காக மகுடேச ராசா மாதம் ஒரு பொன் ஒதுக்கியிருந்தார். அந்தப் பொன் அவள் கைக்கு வராது. தர்மாதிகாரி அனந்தப்பர் கைக்குப் போகும். அவர் பார்த்து ஆள் அனுப்புவார்.

அவர் பார்த்து அனுப்பியவர்கள்தாம் அந்த மல்லர்கள். விடிந்ததிலிருந்து கோதாவில் புரண்டுவிட்டு, உச்சிவேளைக்கு உடம்பெல்லாம் மண்ணோடு வருவார்கள். அவளைத் தூக்கி வண்டியில் வைப்பார்கள். வைப்பதற்கும் போடுவதற்கும் அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அவள் சபைக்குள் நுழையும்போது சபை கலைந்துகொண்டிருக்கும்.

ஒருநாள் வெளிதேசத்துப் புலவர் ஒருவர் சபையில் ஒரு விடுகதை போட்டார். யாருக்கும் விடை தெரியவில்லை. அவர் மீசையை முறுக்கிக்கொண்டு போய்விட்டார். ராசாவுக்கு ஆத்திரம்.

“பூரணவல்லி, காலையில் எங்கே போனாய்?”

“எனக்குக் காலையே இல்லை, மகாராசா.”

“காலில் வலுவில்லை, தெரியும். காலையும் இல்லையா?”

“அதை உங்கள் அதிகாரி எடுத்துக்கொண்டார். அவருடைய ஆட்கள் வரும்போதுதான் எனக்கு விடிகிறது. அந்தப் பொன்னை என் கையில் கொடுங்கள். எங்கள் தெருவில் முத்தழகி இருக்கிறாள். பிள்ளை பெற்ற பெண்களைத் தூக்கிக் குளிப்பாட்டிப் பழகிய கை. கோழி கூவும்போது வந்துவிடுவாள். ஆளை நானே பார்த்துக்கொள்கிறேன்.”

அனந்தப்பர் முக்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

“கூடவே கூடாது மகாராசா! பணம் கைக்குப் போனால் வளையலாகிவிடும். மேலும் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே? சொந்தக் காலில் நிற்கிறவர் கையில்தான் கருவூலப் பணத்தைக் கொடுக்கலாம். இந்த அம்மாளை ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற அறச்சாலைக்கு அனுப்பிவிடுங்கள். வேளைக்குக் கஞ்சி கிடைக்கும். நிம்மதியாகப் படுத்திருக்கலாம்.”

பூரணவல்லியின் முகம் ஒரு கணம் வெளுத்தது. அக்கரைக்குப் போனால் சபை இல்லை, சிலேடை இல்லை, பேச ஒரு மனிதர் இல்லை. கஞ்சி மட்டும் இருக்கும்.

ராசாவுக்குச் சட்டம் என்றால் பயம். தாடியைத் தடவினார். “வெள்ளிக்கிழமை சபைக்கு வா. சொந்தக் காலில் நின்று காட்டு. பொன் உன் கைக்கு வரும். இல்லாவிட்டால் அறச்சாலைதான்.”

“ஆகட்டும் மகாராசா” என்றாள் அவள். மல்லர்கள் முக்கினார்கள்.

வெள்ளிக்கிழமை சபை கூடுவதற்கு முன்பே அவள் வந்துவிட்டாள். முத்தழகியும் அவள் கணவனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் அவளைச் சபை நடுவில் இறக்கினார்கள். பூரணவல்லி புத்தம்புது நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காதில் தோடு இல்லை.

“நிற்கச் சொன்னால் உட்கார்ந்து வந்திருக்கிறாளே!” என்றார் அனந்தப்பர்.

“நன்றாகப் பாருங்கள் ஐயா. நாலு காலும் நிற்கின்றன.”

“அது மரம்!”

“மரம் கூடாது என்று சட்டத்தில் உண்டா? தோட்டை விற்றுச் செய்தது. தச்சருக்குக் கூலி தந்தாயிற்று. என் சொந்தக் கால். நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அது அரண்மனை முக்காலி. உங்களுக்குக் காலும் ஒன்று குறைவு, இருக்கிற மூன்றும் இரவல்.”

சபை மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டது.

“கால் நிற்கட்டும், நீ உட்கார்ந்துதானே இருக்கிறாய்!”

“ராசாவும் உட்கார்ந்துதான் இருக்கிறார். நாட்டையே அவர் கையில் கொடுத்திருக்கிறோம். பிடுங்கிக்கொள்ளலாமா?”

ராசா அவசரமாகச் சிம்மாசனத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

அனந்தப்பருக்கு வியர்த்தது. “பேச்சு எதற்கு? நாற்காலி செய்தாலும் பல்லக்கு செய்தாலும் உனக்குக் கால் குறைவுதான். இல்லை என்று சொல், பார்க்கலாம்!”

“குறைவுதான்” என்றாள் பூரணவல்லி. ராசாவின் பக்கம் திரும்பினாள். “மகாராசா, எனக்கென்று மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள்?”

“ஒரு பொன்.”

“என்னைத் தூக்குகிற மல்லர்களைக் கேட்டேன். இருவருக்கும் சேர்த்துக் கூலி முக்கால் பொன்னாம்.”

“அப்படியானால் மீதிக் கால்?”

“அதைத்தான் நானும் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன், மகாராசா. என் கால் ஐயாவின் மடியில் இருக்கிறது. அதைக் கொடுக்கச் சொல்லுங்கள், எழுந்து நிற்க முடிகிறதா பார்க்கிறேன்!”

அனந்தப்பரின் கை, அவரைக் கேட்காமலே, இடுப்பு மடியைப் போய்ப் பொத்தியது. அதைப் பார்த்து ராசா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மூக்கில் நின்றது. அதற்குமேல் விசாரணை வேண்டியிருக்கவில்லை. மாதா மாதம் முழுப் பொன்னும் பூரணவல்லியின் கையிலேயே தரவேண்டும் என்று ஆணை பிறந்தது. தோட்டையும் ராசாவே மீட்டுக் கொடுத்தார்.

சில வருஷங்களில் முத்தழகி கணவனோடு துறைமுகப் பட்டினத்துக்குக் குடிபோய்விட்டாள். அடுத்துப் பூரணவல்லி தேர்ந்தெடுத்தவள் சரியில்லை. அவளை அனுப்பிவிட்டு, யாரையும் கேட்காமல் வேறொருத்தியை வைத்துக்கொண்டாள்.