கல்லில் ஏறத் துடித்த தளவாய்

முன்னொரு காலத்தில் பூவாற்றங்கரை நாட்டை ஏகவீரவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒரு சட்டம் போடுவார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அதை மாற்றிவிடுவார். வெயில் காலத்தில் கேட்கவே வேண்டாம்.

ஒருநாள் சபையில், "புதிய அரசாங்க வைத்தியசாலைக்கு மருத்துவச்சி பேச்சியாயி பெயர்! சட்டம் எழுதுங்கள்!" என்றார். வாந்திபேதி வந்த வருஷத்தில் வீடு வீடாகப் போய் ஊரைக் காப்பாற்றி, கடைசியில் அதே நோயில் போய்ச் சேர்ந்தவள் பேச்சியாயி. சபை கைதட்டியது.

தளவாய் சங்கிலிநாதருக்கு மட்டும் கை எழவில்லை. வயிறு பற்றி எரிந்தது. முப்பது வருஷம் ராஜா பின்னாலேயே நடந்தவர். அவர் பெயரில் ஒரு மாட்டுக் கொட்டகைகூட இல்லை. உயிரோடிருப்பவள் என்றால் கோள் சொல்லிக் கவிழ்க்கலாம். செத்தவளை என்ன செய்வது?

"மகாராஜா, கஷாயம் காய்ச்சியவள் பெயரா? பக்கத்து ராஜாக்கள் சிரிப்பார்கள். கூடவே கூடாது! என் போன்றவர் பெயர் வைத்தால் அல்லவா கௌரவம்?"

ராஜா உடனே குழம்பினார். "அதுவும் சரிதான். மந்திரியாரே, பெயர்க்கல் வெட்டக் கல்தச்சன் உளியோடு நிற்கிறான். இப்போதே பதில் சொல்லும். இல்லாவிட்டால் தளவாய் பெயர்தான்."

மந்திரி மாறநம்பி சிரித்தார். "இருவர் பெயரையும் வெட்டலாம், மகாராஜா. ஆனால் நம் வழக்கப்படி, இந்தத் தர்மத்துக்கு அவரவர் என்ன செய்தார் என்றும் கீழே வெட்ட வேண்டுமே. பேச்சியாயி செய்தது ஊருக்கே தெரியும். தளவாயாரே, வாந்திபேதி வருஷத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

"மா... மாமனார் ஊரில்."

"கட்டடத்துக்குக் கல் கொடுத்தீர்களா? வைத்தியருக்கு நிலம்?"

"இல்லை."

"அப்படியானால் நீங்கள் செய்தது ஒன்றுதான். தச்சரே, வெட்டும்: 'பேச்சியாயி பெயர் கூடாதென்று தடுத்தவர் தளவாய் சங்கிலிநாதர்.' அதன் கீழே, எல்லாத் தர்மக் கல்லிலும் வெட்டுகிற வரி: 'இத்தர்மத்தைத் தடுத்தவர் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவார்.'"

'டங்' என்று உளி ஒலித்தது. தளவாய் ராஜாவின் காலில் விழுந்தார். "ஐயோ மகாராஜா! என் பெயரே வேண்டாம், எடுக்கச் சொல்லுங்கள்!"

ராஜா குலுங்கிச் சிரித்து, தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். "எடுத்துவிடலாம், தளவாயாரே. ஆனால் திறப்பு நாளில் சட்டத்தை வாசிப்பது நீர்தான்."

அந்த நாளும் வந்தது. சங்கிலிநாதர் தொண்டை கிழிய, "பேச்சியாயி வைத்தியசாலை!" என்று வாசித்தார். ஊரே ஆரவாரித்தது. முப்பது வருஷத்தில் அவர் வாய் திறந்து ஜனங்கள் கைதட்டியது அன்றுதான். அதுவும் அவளுக்குத்தான் என்று அவருக்குத் தெரியும். பாவி மனுஷன், அன்றைக்கு விருந்தில் ஒரு பருக்கைகூடத் தொடவில்லை.