பாட்டைக் குடித்த எள்

“செத்துப்போன பிள்ளையோட தூளித் துணியை ஜாடிக்குள்ளே அடைச்சு வெச்சுக்கிட்டு எத்தனை காலம்தான் காவல் இருப்பே? அது மக்கிப்போகும் ஆவுடை, மக்கிப்போகும்! என்கிட்டே கொடுத்தா நூறு வருஷம் மணக்கும்!”

மாசிலாமணி அன்று காலையில் சொன்னது இதுதான். முந்தைய நாள் சொன்னதும் இதுதான். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை.

ஆவுடை முறத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை. “மக்கட்டும். என் கண்ணு முன்னாலேயே மக்கட்டும்” என்றாள்.

எந்த நாடு, எந்த ராஜா என்று குறுக்கே கேட்காதீர்கள். காலடி எடுத்து வைத்தால் வேறொரு ராஜாவின் நாட்டில் மிதிக்கிற காலம் அது. அத்தனை பேர் பெயரையும் யார் நினைவு வைத்துக்கொள்வது? ஒரு ராஜா இருந்தான், ஒரு ராணி இருந்தாள், அவ்வளவு போதும். நமக்கு வேண்டியவர்கள் தைலக்காரத் தெருவில் இருந்த இந்தப் புருஷனும் பெண்சாதியும்.

மாசிலாமணி வாசனைத் தைலம் செய்கிறவன். கைகாரன், அதில் சந்தேகமே இல்லை. எள்ளைக் கழுவிக் காயவைத்து, பூ ஓர் அடுக்கு, எள் ஓர் அடுக்கு என்று பானையில் பரப்பி வாயை மூடிவிடுவான். பூ வாட வாட, எள் மணத்தைக் குடிக்கும். வாடிய பூவை எறிந்துவிட்டுப் புதுப் பூ போடுவான். எள் குடிக்கிற மட்டும் குடித்த பிறகு செக்கில் கொடுத்து ஆட்டினால், வருவது எண்ணெயா? மல்லிகையே வழிந்து வரும், செண்பகமே வழிந்து வரும். பூவின் கதிதான் பரிதாபம். எள் குடித்து எறிந்த பூவை மாடுகூட முகர்ந்து பார்க்காது.

ஆவுடை பாட்டுக் கட்டுகிறவள். அவள் கட்டிய பாட்டைத்தான் அந்த ஊர் நாற்று நடும்போது பாடும், நெல் குத்தும்போது பாடும், பிள்ளையைத் தூங்கவைக்கப் பாடும்.

அவர்களுக்கு ஒரே ஒரு பெண் குழந்தை. சிட்டு என்று கூப்பிட்டார்கள். நடக்கத் தொடங்கிய வயதில், ஒரு மழைக்காலக் காய்ச்சலில் போய்விட்டாள். ஆற்றுக்கு அக்கரையில் வேப்பமரத்தடியில் புதைத்தார்கள். அதன்பிறகு ஆவுடை கட்டியது ஒரே பாட்டு.

வேம்பின் நிழலில் உறங்குகிறாள் என் குஞ்சு.
காற்றே, மெல்ல வா.
அவள் பால்மணம் கலையாமல் வா.

மூன்றே வரி. அது என்ன உறக்கம் என்று தெருவுக்குத் தெரியும். தெரியாதவர்கள் அதைத் தாலாட்டு என்று நினைத்துக்கொண்டு பாடினார்கள். ஆவுடை யாரையும் திருத்தவில்லை. வாயைத் திறந்து இன்னொரு பாட்டும் கட்டவில்லை.

சிட்டு கடைசியாகத் தூங்கிய தூளித் துணியைத் துவைக்காமல் ஒரு ஜாடியில் வைத்து, வாயில் மெழுகுத்துணி கட்டி வைத்திருந்தாள். மனசு தாங்காத நாளில் மட்டும் திறப்பாள். முகத்தை உள்ளே வைத்து ஒரே ஒரு மூச்சு இழுப்பாள். அந்த மூச்சை வெளியே விடுவதற்குள் மூடிவிடுவாள். தைலக்காரன் பெண்சாதி அல்லவா? மணம் திறக்கத் திறக்கத் தேய்ந்துபோகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாசிலாமணிக்குத் துக்கம் இல்லையா என்று கேட்டால், இருந்தது. இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஆனால் சில பேருக்குத் துக்கம் வந்தால் அதோடு உட்கார்ந்திருக்கத் தெரியாது. அதை வைத்து எதையாவது செய்து காட்டவேண்டும். நாலு பேர் பார்த்து ஆஹா என்று சொல்லவேண்டும்.

அந்தச் சமயம் பார்த்துத் தெருவில் தண்டோரா வந்தது.

“அரண்மனை மணத்துக்குத் தைலம் வேண்டும்! பூவில் எடுத்த தைலம் எல்லார் வீட்டிலும் உண்டு. ராஜாவுக்குப் பாட்டில் எடுத்த தைலம் வேண்டும்! முகர்ந்தால் பாட்டு நினைவுக்கு வரவேண்டும்! செய்து காட்டுகிறவன்தான் இனி அரண்மனைத் தைலக்காரன்!”

தெரு சிரித்தது. “பாட்டை எந்தச் செக்கிலே ஐயா போட்டு ஆட்டுறது?” என்றான் செக்குக்காரன். “புண்ணாக்கு என்ன வரும், வெறும் ராகமா?”

மாசிலாமணி சிரிக்கவில்லை. உள்ளே ஓடிவந்தான்.

“கேட்டியா ஆவுடை? ராணியம்மா தன்னோட வாசனைப் பெட்டியிலே வெச்சுக்கக் கேட்கிறாங்க. உன் பாட்டுதான் அதுக்குத் தோது. அரண்மனைப் பூட்டுக்குள்ளே பத்திரமா இருக்கும்.”

“என் வாய்க்குள்ளேயே அது பத்திரமாத்தான் இருக்கு.”

“கொஞ்சம் யோசிச்சுப் பாரேன்.”

“பாட்டை எடுத்துக்கிட்டுப் போங்க. ஊரே பாடுது, உங்களை மட்டும் நான் தடுக்கவா? ஜாடியைத் தொடாதீங்க.”

“தொடமாட்டேன்” என்றான். சொன்ன நேரத்தில் அவன் பொய் சொல்லவில்லை.

முதலில், வேப்பம்பூவையும் முல்லையையும் எள்ளில் அடுக்கித் தைலம் எடுத்தான். ராணி ஒரு துளி தொட்டு முகர்ந்தாள். “நன்றாக இருக்கிறது. ஆனால் இது பூக்கடை. பாட்டு எங்கே?” என்றாள்.

இரண்டாவது, சந்தனமும் அகிலும் புனுகும் சேர்த்தான். ராணி முகர்ந்தாள். “இதுவும் நன்றாக இருக்கிறது. ஆனால் இது கோயில். பாட்டு எங்கே?” என்றாள்.

“இன்னும் ஒரு தடவை வா. அதுவும் தவறினால் வாசல்படி ஏறாதே” என்றான் ராஜா.

மூன்றாவதற்கு அவனிடம் பூ இல்லை, மரம் இல்லை, பிசின் இல்லை. வீட்டில் ஒரு ஜாடி மட்டும் இருந்தது.

ஆவுடை ஆற்றுக்குப் போயிருந்தாள். மாசிலாமணி மெழுகுத்துணியை அவிழ்த்தான். துணியை எடுத்துப் புதுப்பானையில் எள்ளுக்கு நடுவே பொதிந்தான். வேறொரு துணியைச் சுருட்டி ஜாடிக்குள் வைத்து, பழையபடியே கட்டினான். ‘மக்கிப்போகிற துணியைக் காப்பாற்றுகிறேன். தைலத்தில் ஒரு கரண்டி அவளுக்கென்று எடுத்துவைப்பேன். முகர்ந்து பார்த்தால் அவளே என்னைக் கும்பிடுவாள்’ என்று சொல்லிக்கொண்டான். நம்பியும்தான் சொன்னான். தப்புச் செய்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் நம்பித்தான் செய்கிறார்கள்.

அவ்வளவு சின்னக் குழந்தை போனால் எள்ளும் தண்ணீரும் இறைக்கிற வழக்கம் இல்லை. அந்தக் குறையை அப்பனே தீர்த்துவைத்தான்.

எள் குடித்தது. மிச்சமில்லாமல் குடித்தது. செக்கில் ஆட்டிய எண்ணெய் ஒரே ஒரு குப்பிக்கு வந்தது. துணியைத் திரும்ப ஜாடியில் வைத்துவிட்டு, குப்பியோடு அரண்மனைக்குப் போனான். கரண்டி நினைவு அவனுக்கு இருந்தது. முதலில் காட்டிவிடுவோம், பிறகு ஊற்றிக்கொள்வோம் என்று நினைத்தான்.

ராணி குப்பியைத் திறந்தாள். முகர்ந்தாள். பக்கத்தில் நின்ற தாதிகள் ஏன் என்று தெரியாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ராணியின் உதடு தானாக அசைந்து மூன்று வரியையும் சொல்லியது.

சபை முழுக்க ஆஹா என்றது. அவன் தோளில் பட்டு விழுந்தது.

ராணி நல்லவள். கையில் குப்பியோடு கேட்டாள்: “பாடியவள் உன் மனைவியாமே. அவளுக்கு என்ன வேண்டும்?”

“ஒன்றும் வேண்டாம், தாயே.”

“இதிலேயே கொஞ்சம் அவளுக்குக் கொண்டுபோகிறாயா?”

இதோ, கேட்காமலே கிடைத்தது. ‘ஆமாம் தாயே’ என்று இரண்டு சொல் சொன்னால் போதும். ஆனால் சபை அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. கொடுத்ததில் ஒரு கரண்டி திரும்பக் கேட்கிற அற்பன் என்று நினைத்துவிட்டால்? தோளில் பட்டு வேறு கனத்தது.

“கொடுத்ததைத் திரும்ப வாங்குகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.”

“யோசித்துச் சொல். அவளைக் கேட்க வேண்டாமா?”

“அவள் வேறு, நான் வேறா? அவளுக்கு ஒன்றும் வேண்டாம், தாயே.”

சபை இன்னொரு தடவை ஆஹா என்றது. ராஜா எழுந்தான். “எங்கள் மகளின் மணத்துக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா! தூங்குகிற குழந்தையின் தாலாட்டு! கல்யாணத்துக்கு வருகிற அத்தனை பேர் கையிலும் பன்னீரோடு கலந்து தெளியுங்கள். மணமகளுக்கு அது பிள்ளை வரம்!”

மாசிலாமணிக்கு அப்போதுதான் உறைத்தது. மணம் என்றால் வாசனை, மணம் என்றால் கல்யாணம். ஊரில் வேறு யார் காதில் விழுந்திருந்தாலும் அரண்மனையில் கல்யாணம் என்று புரிந்திருக்கும். தண்டோராக்காரன் கல்யாணத்தைச் சொன்னான். தைலக்காரன் காதில் வாசனைதான் விழுந்தது. பெட்டிக்குள் பூட்டி வைப்பார்கள் என்று நம்பிக் கொடுத்தது, ஊர்க்கூட்டத்தின் கையில் தெளிக்கப் போகிறது.

‘அது தாலாட்டு இல்லை, ராஜா’ என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கல்யாண வீட்டில் சாவைச் சொன்ன வாயை யார் சும்மா விடுவார்கள்?

வீட்டிலும் சொல்லவில்லை. பட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான்.

கல்யாணத்தன்று மேளச் சத்தம் தைலக்காரத் தெரு வரைக்கும் கேட்டது. இருந்திருந்தால் தன் மகளுக்கும் ஒரு நாள் இந்த மேளம் கொட்டியிருக்கும் என்று ஆவுடை நினைத்தாள். மனசு தாங்கவில்லை. ஜாடியை எடுத்தாள், மெழுகுத்துணியை அவிழ்த்தாள், முகத்தை உள்ளே வைத்து மூச்சை இழுத்தாள்.

எள் வாடை.

இன்னொரு தடவை இழுத்தாள். எள் வாடைதான். துணியை வெளியே எடுத்து, முகத்தில் பொத்திக்கொண்டு மூன்றாம் தடவை இழுத்தாள். அது வெறும் துணி. யார் வீட்டுத் துணியாக இருந்தாலும் அப்படித்தான் இருக்கும்.

மாசிலாமணி பட்டுக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பி நின்றான்.

“எடுத்தீங்களா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஒரு சொட்டாவது வெச்சீங்களா?”

“ராணியம்மா கேட்டாங்க, உனக்கு என்ன வேணும்னு…”

“என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் வேண்டாம்னு.”

ஆவுடை கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். “யாரைக் கேட்டுச் சொன்னீங்க?” என்று மட்டும் கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் தெருவில் இறங்கி ஓடினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. குப்பியைக் கவிழ்த்துத் துடைத்தாகிவிட்டது. வெள்ளிச் செம்பில் கலந்ததெல்லாம் வந்தவர்கள் கையில் தெளித்துத் தீர்ந்துவிட்டது.

“சாப்பாடு முடிஞ்சுபோச்சு, போ போ. நாளைக்கு மிச்சம் போடுவாங்க, அப்ப வா” என்றான் வாசல் காவல்காரன்.

ஜனங்கள் வெற்றிலையை மென்றுகொண்டு வெளியே வந்தார்கள். பட்டுடுத்தினவர்கள், பல்லக்கில் போகிறவர்கள், வெளியூர்க்காரர்கள். ஒவ்வொருவர் கையிலும் அவள் மகள் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டிருந்தாள். சில பேர் அந்தக் கையைத் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

பின்னாலேயே வந்து சேர்ந்த மாசிலாமணியைப் பெரியவர்களின் வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். அங்கிருந்து அவன் அவளைப் பார்த்தான். எழுந்து வரவில்லை.

இந்தக் கதையின் நீதி: அடுத்தவருடைய துக்கத்தை எடுத்து எவ்வளவு அழகான பொருளாகச் செய்தாலும், அதைக் கொடுக்கவோ வேண்டாம் என்று சொல்லவோ நமக்கு உரிமை இல்லை.

ஆவுடை அரண்மனை வாசலில் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றாள்.

“அம்மா, நில்லுங்கம்மா. ஐயா, நீங்களாவது நில்லுங்க. காசு கேட்கலை, சோறு கேட்கலை. கையைக் கொஞ்சம் இப்படி நீட்டுங்க, ஒரே ஒரு தடவை முகர்ந்துட்டு விட்டுடறேன்.”