செட்டியாரின் பத்தியம்

பாய்மரக் கப்பல்கள் வந்துபோன காலத்தில், ஒரு கடற்கரைப் பட்டினத்தில் சாத்தப்பச் செட்டியார் என்றொரு வெல்ல வணிகர் இருந்தார், கேளுங்கள். ஒரு வேண்டுதலைக்கூட அவர் தம் உடம்பை வருத்திச் செலுத்தியதில்லை. அவருக்காகக் கோயில் பண்டாரம் காவடி எடுப்பார், வேலைக்காரன் காத்தான் மலையேறுவான், மனைவி உமையாள் பட்டினி கிடப்பாள். புண்ணியம் மட்டும் செட்டியார் கணக்கில் சேர்ந்துவிடும் என்று அவருக்கு நம்பிக்கை.

அறுபதைத் தாண்டியதும் செட்டியாருக்கு நீரிழிவு வந்தது. கால் விரலில் பட்ட சிறு காயம் ஆறவே இல்லை. வைத்தியர் வந்து பார்த்தார்.

"விடியக்காலையில நடக்கணும். வேளை தவறாம கஷாயம் குடிக்கணும். இனிப்பைத் தொடவே கூடாது. இல்லேன்னா இந்தக் காலை என்னால காப்பாத்த முடியாது, செட்டியாரே."

செட்டியார் பெரிதாகத் தலையாட்டினார். வைத்தியர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் ஏற்பாடெல்லாம் முடிந்துவிட்டது. காத்தானை நடக்க அனுப்பினார். பண்டாரத்தைக் கஷாயம் குடிக்க வைத்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார்.

"உமையா, நோன்பெல்லாம் எனக்காக நீதானே இருக்கே. இந்தப் பத்தியமும் நீயே இருந்துடு."

"இது சாமி காரியம் இல்லைங்க. உங்க உடம்பு."

"புருஷனுக்காக இதுகூடச் செய்ய மாட்டியா?"

பாவம், உமையாள்! அவளும் வயதானவள்தான். அரை வயிற்றுக் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டாள். செட்டியாரோ, இத்தனை பேர் பாடுபடும்போது நோய் எப்படித் தங்கும் என்று அதிரசத்தை விண்டு வாயில் போட்டுக்கொண்டார்.

மழைக்காலம் வந்தது. காத்தானின் கால்கள் உரமேறின. பண்டாரத்தின் தொந்தி வற்றியது. உமையாள் எலும்பும் தோலுமானாள். செட்டியாரின் கால் மட்டும் கறுத்து, வீடெல்லாம் நாறியது.

வைத்தியர் மறுபடி வந்தார். நடந்ததை விசாரித்தார். கத்தியை எடுத்துத் தீயில் காட்டினார்.

செட்டியார் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பண்டாரம் மெல்ல நகர்ந்துகொண்டார். காத்தான் தலையைக் குனிந்துகொண்டான். உமையாள் அழுதாள்.

"இதுக்கு மட்டும் ஆள் வைக்க முடியாது, செட்டியாரே" என்றார் வைத்தியர்.

புண் ஆறியபின் செட்டியார் ஒற்றைக் காலில் எழுந்து, மனைவியின் தோளைப் பற்றினார். அந்தத் தோளில் பலமே இல்லை. இருவரும் சேர்ந்தே கீழே விழுந்தார்கள்.

ஆகையால் பெரியோர்களே, தன் உடம்புக்கான பத்தியத்தைத் தானே காக்காதவன் தன்னையும் கெடுத்து, தன்னைத் தாங்குகிறவரையும் கெடுப்பான்.