சும்மா இருந்த டீச்சர்

"வீட்ல உட்கார விடமாட்டேங்கிறாக டீச்சர். அதான் நாவல் பாதியில நிக்கிது."

கழுகுமலையில் கதை எழுதுகிற தாயம்மாளிடம் பூங்கோதை இப்படித்தான் ஆரம்பித்தாள். எழுத வரும் பெண்களைத் தாயம்மாள் தன் வீட்டில் தங்க வைத்துக்கொள்வாள். பூங்கோதையைவிட வயதில் இளையவள்தான். ஆனாலும் வருகிறவர்களுக்கெல்லாம் அவள் டீச்சர்.

"எழுத என்ன வேணும்னு நீங்கதான் சொல்லணும். இங்கயும் வரலைன்னா இதோட விட்டுருவேன்."

அந்த நாவலை அவள் பெற்ற பிள்ளைபோல நினைத்திருந்தாள்.

"வாசல்ல உட்காருங்கக்கா. யாரும் வந்தா நீங்களே பதில் சொல்லுங்க" என்றாள் தாயம்மாள்.

கேட்டது ஒன்று, கிடைத்தது காவல் வேலை. பூங்கோதை முணுமுணுத்துக்கொண்டே போய் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அடுத்த தெரு லூர்து வந்தாள். கையில் மகள் கல்யாணப் பத்திரிகை.

"டீச்சர் என்ன செய்யிறாக?"

பூங்கோதை உள்ளே எட்டிப் பார்த்தாள். தாயம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பேனா இல்லை, பேப்பர் இல்லை. கை இரண்டும் மடியில் கிடந்தன.

"சும்மாதான் இருக்காக. உள்ள போங்க."

லூர்து போனாள். மாப்பிள்ளையின் சித்தப்பா குணம் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

அவள் போன பிறகு தாயம்மாள் வாசலுக்கு வந்தாள்.

"லூர்துகிட்ட என்னக்கா சொன்னீக?"

"சும்மாதான் இருக்காகன்னு சொன்னேன். சும்மாதானே இருந்தீக?"

"என் கதையில ஒருத்தி சாகக் கிடக்கா. மகனைப் பக்கத்துல கூப்பிட்டா. என்ன சொல்லப் போறான்னு கேட்டுக்கிட்டிருந்தேன்."

"என்ன சொன்னா?"

"தெரியலக்கா. லூர்து வந்துட்டா."

பூங்கோதைக்கு முகம் செத்துப்போனது. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. தாயம்மாளோ பக்கத்தில் உட்கார்ந்து, சாதாரணமாகக் கேட்டாள்.

"உங்க வீட்ல எழுத உட்கார்ந்தா யாருக்கா வந்து உங்களை எழுப்பி விடுறது?"

பூங்கோதை யோசித்தாள்.

வீட்டுக்காரர் தன் காபியைத் தானே போட்டுக்கொள்கிறவர். மாமியார் போய்ச் சேர்ந்து வெகு காலம். மகன் சார்ஜாவில்.

ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருப்பாள். கதை நெருங்கி வரும். அந்த நேரம் பார்த்து, சும்மாதானே இருக்கோம், அவரைக்காயையாவது நறுக்குவோம் என்று தோன்றும். எழுந்து போய்விடுவாள்.

"சொல்லுங்கக்கா, யாரு?"

"நானேதான் டீச்சர்" என்றாள் பூங்கோதை.