பொட்டு வைத்த பென் டிரைவ்

வீடு மாறிய அன்று வீட்டு சர்வர் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே இல்லை. குடும்பப் போட்டோ அத்தனையும் அதற்குள்தான் இருந்தது.

"வழியெல்லாம் மடியில் வைத்திருந்தவள் நீதானே? பொழுது சாய்வதற்குள் சரியாகணும். ஆனால் இனி நீ இதைத் தொடக்கூடாது!" என்று சொந்தக்காரர்கள் முன்னால் செண்பகாவைப் பார்த்துக் கத்தினார், கணவனின் அண்ணன் திரவியம்.

தொடவும் கூடாதாம், சரியாகவும் வேண்டுமாம்! கைக்குழந்தை மாதிரி ஏந்தி வந்தவளுக்கு இந்தப் பெயரா?

செண்பகா கையைக் கட்டிக்கொண்டு சர்வரின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். குங்குமப் பொட்டு வைத்த பென் டிரைவ் ஒன்று செருகியிருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது: மிஷின் தன்னை எழுப்பும் புரோகிராமை முதலில் அதற்குள் தேடிவிட்டு, கிடைக்காமல் அங்கேயே நிற்கிறது.

"புது வீட்டில் சாமி பாட்டு இல்லாமல் ஆன் பண்ணினதால இருக்குமோ, அத்தான்?"

"யார் சொன்னது? பாட்டு பென் டிரைவுக்கு நானே பொட்டு வைத்துச் செருகினேன். அப்புறம்தான் சுவிட்சையே போட்டேன்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

"அப்போ நீங்களே அதை உருவிட்டு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. நான்தான் தொடக்கூடாதே."

முறைத்துக்கொண்டே உருவினார். சர்வர் எழுந்தது. டிவியில் போட்டோக்கள் வரிசையாக வந்தன. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் திரவியத்தைத்தான் பார்த்தார்கள்.

"இனிமே இதை யார் தொடக்கூடாதுன்னு இவங்க முன்னாடியே சொல்லிடுங்க, அத்தான்."